ட்ரம்பெட்டும் மூவரும்

ஜாஸ் இசையை முதன்முதலாகக் கேட்க விரும்பும் இலக்கிய நண்பர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் பரிந்துரைகளின் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ என்பார்கள். ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ என்பார்கள். கேட்பவர் சற்று மென்மையான மனம் கொண்டவர் என்று தோன்றினால் செட் பேக்கர் பாடிய ஏதேனும் ஒன்றைக் கொடுத்து அனுப்புவார்கள். மூன்றும் சிறந்தவையே. ஆனால் ட்ரம்பெட் என்ற வாத்தியத்தை அறிய விரும்புகிறவருக்கு இம்மூன்றில் எதுவும் முதல் வாசல் ஆகாது. முதலாவது அறுவர் குழு. மைல்ஸின் அருகில் இரண்டு சாக்ஸஃபோன்கள் நிற்கின்றன. இரண்டாவதில் ட்ரம்பெட்டே கிடையாது. மூன்றாவதில் கேட்பவரின் கவனம் முழுவதையும் குரல் எடுத்துக்கொள்கிறது.

ட்ரம்பெட்டைக் கேட்க நால்வர் குழுதான் சரியான இடம் என்பது என் துணிபு. ஒரு ட்ரம்பெட், ஒரு பியானோ, ஒரு பாஸ், ஒரு ட்ரம்ஸ். வேறு ஊது வாத்தியம் எதுவும் இருக்கக்கூடாது. இப்படிப்பட்ட இசைத்தட்டுகள் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. டெனர் சாக்ஸஃபோனுக்கு நால்வர் குழு என்பது சொந்த வீடு போன்றது. கோல்ட்ரேன், சானி ராலின்ஸ் என்று தொடங்கினால் பட்டியல் முடியாது. ட்ரம்பெட் கலைஞர்களோ தம் வாழ்நாளில் இரண்டு முறை, மூன்று முறை மட்டுமே இப்படித் தனியாக நின்றிருக்கிறார்கள். சிலர் ஒரே ஒரு முறை.

காரணம் அழகியல் அல்ல, உடல். சாக்ஸஃபோனில் அதிர்வது நாணல் சீவல். ட்ரம்பெட்டில் அதிர்வது வாசிப்பவரின் உதடுகளே. மூன்று வால்வுகள்தான் இருக்கின்றன. அவற்றை அழுத்தியும் விடுத்தும் பெறக்கூடிய குழல் நீளங்கள் ஏழே ஏழு. மற்ற ஸ்வரங்களையெல்லாம் உதட்டின் இறுக்கத்தாலும் மூச்சின் வேகத்தாலும்தான் எட்டவேண்டும். உதட்டுத் தசை களைத்தால் ஸ்வரம் பிசகும், உச்ச ஸ்தாயி கைவிட்டுப்போகும். ஐவர் குழுவில் மெட்டை இருவரும் சேர்ந்து வாசித்துவிட்டு, ட்ரம்பெட் கலைஞர் தன் மனோதர்மத்தை முடித்ததும், சாக்ஸஃபோன் கலைஞர் முன்னே வருவார். அந்த நான்கைந்து நிமிடங்களில் உதட்டில் ரத்தம் திரும்ப ஓடும். ஐம்பதுகளின் ஹார்ட் பாப் இசையில் ட்ரம்பெட்டும் டெனர் சாக்ஸஃபோனும் இணைந்த ஐவர் குழு ஏறக்குறைய ஓர் இலக்கணமாகவே நிலைபெற்றதற்கு இந்த உடல்சார்ந்த நியாயமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். நால்வர் குழுவில் அந்த ஓய்வு பாதியாகிவிடுகிறது. மெட்டைத் தொடங்குவதும் அவரே, முடிப்பதும் அவரே. ஒளிந்துகொள்ள ஓர் ஆள் இல்லை.

இந்த நெருக்கடியிலிருந்துதான் நான் சொல்ல வருகிற இசையின் குணம் பிறக்கிறது. வல்லமையைக் காட்ட உச்ச ஸ்தாயியில் ஊதிக்கொண்டே இருப்பவரால் ஒரு முழு இசைத்தட்டை இவ்வாறு நிரப்ப முடியாது. அவர் சிக்கனமாக இருந்தாகவேண்டும். எங்கே நிறுத்துவது என்பதே அவருடைய கலையாகிவிடுகிறது. அகப்பாடல்களைப் பயிற்றுவிக்கும்போது இதை நான் நினைத்துக்கொள்வதுண்டு. அங்கே பேசுவது ஒருவர்தான்; தோழியோ பாங்கனோ கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஆனால் அவர்கள் நிற்பதால்தான் பேச்சு அந்த வடிவத்தைக் கொள்கிறது. நால்வர் குழுவில் பியானோவும் பாஸும் ட்ரம்ஸும் அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பவர்கள். ஒப்புமையை இதற்கு மேல் நீட்டினால் உடைந்துவிடும், விடுகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது கென்னி டோர்ஹாமின் ‘க்வைட் கென்னி’. 1959 நவம்பர் 13 அன்று நியூ ஜெர்சியின் எங்கிள்வுட் க்ளிஃப்ஸில், ரூடி வான் கெல்டர் புதிதாகக் கட்டியிருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரே நாளில் பதிவானது. பியானோ டாமி ஃப்ளனகன், பாஸ் பால் சேம்பர்ஸ், ட்ரம்ஸ் ஆர்ட் டெய்லர். இந்த மூவரின் பெயர்களை ஜாஸ் அறிந்தவர்கள் வேறொரு இடத்திலும் சேர்த்துப் படித்திருப்பார்கள். அதே ஆண்டு மே மாதம் கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ இசைத்தட்டின் பெரும்பகுதியில் அவருக்குத் துணை நின்றவர்கள் இவர்கள்தான். அதன் தலைப்புப் பாடலில் கார்டுகள் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஃப்ளனகன் தன் சுற்றில் தடுமாறி, கடைசியில் வெறும் கார்டுகளாக வாசித்து ஒப்பேற்றுவது ஜாஸ் உலகில் எல்லோரும் அறிந்த செய்தி. ஆறு மாதம் கழித்து அதே ஃப்ளனகனை டோர்ஹாமின் அருகில் கேட்கவேண்டும். எவ்வளவு நிதானம்! எவ்வளவு கனிவு! பியானோவில் ஒரு கட்டையையும் அவசியமின்றித் தொடமாட்டார். ஒரு கலைஞனின் திறமை என்று நாம் சொல்வது அவன் யாருக்கு அருகில் நிற்கிறான் என்பதையும் பொறுத்தது என்பதற்கு இந்த இரண்டு இசைத்தட்டுகளைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

‘லோட்டஸ் ப்ளாசம்’ என்ற டோர்ஹாமின் சொந்த மெட்டோடு இசைத்தட்டு தொடங்குகிறது. இதை ‘ஏஷியாட்டிக் ரேஸ்’ என்ற பெயரில் ராலின்ஸும் பதிவு செய்திருக்கிறார். கீழைநாட்டுச் சாயல் பூசிய தொடக்கம். அந்தச் சாயலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அக்கால அமெரிக்க இசையில் அது ஒரு வழக்கம். அந்தப் பூச்சிலிருந்து நால்வரும் விலகி இயல்பான ஜாஸ் நடைக்குள் இறங்கும் இடம்தான் அழகு. டோர்ஹாமின் தொனி பளபளப்பானது அல்ல. விளிம்பில் சற்று உலர்ந்தது, நடுவில் வெதுவெதுப்பானது. ஸ்வரங்களை முழங்காமல் உச்சரிக்கிறார். அடுத்து வரும் ‘மை ஐடியல்’ காதல் பாட்டு. அதற்குப் பின் ஓரிடத்தில் ‘அலோன் டுகெதர்’ வருகிறது. சுமார் மூன்று நிமிடம்தான். மனோதர்மம் என்று சொல்லத்தக்க எதையும் டோர்ஹாம் செய்வதில்லை. மெட்டை மட்டும் வாசிக்கிறார். ஆனால் ஒவ்வொரு சொற்றொடரையும் தாளத்துக்குச் சற்றே பின்தங்கி வைக்கிறார். ஸ்வரம் முடியும் இடத்தில் மூச்சு மட்டும் கொஞ்சம் மிஞ்சி நிற்கிறது. மெட்டை வாசிப்பது எளிது, அதை விரித்துரைப்பதே கலை என்று நினைப்பவர்கள் இந்த மூன்று நிமிடங்களை நான்கைந்து முறை கேட்கலாம்.

டோர்ஹாம் 1924இல் டெக்ஸாஸில் பிறந்தவர். சார்லி பார்க்கரின் ஐவர் குழுவில் மைல்ஸ் டேவிஸ் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்தார். ஜாஸ் மெஸஞ்சர்ஸ் குழுவின் தொடக்கக் கலைஞர்களில் ஒருவர். 1956இல் கிளிஃபர்ட் பிரவுன் கார் விபத்தில் இறந்தபோது மேக்ஸ் ரோச்சின் குழுவில் அவருடைய இடத்தை ஏற்றார். எப்போதும் வேறொருவர் விட்டுச்சென்ற நாற்காலி. உலகெங்கும் ஜாஸ் பயிலும் மாணவர்கள் முதலில் கற்கும் மெட்டுகளில் ஒன்றான ‘ப்ளூ போஸா’ அவர் இயற்றியது. ஆனால் அது முதலில் வெளிவந்தது ஜோ ஹெண்டர்சன் என்ற இளைஞரின் முதல் இசைத்தட்டில், 1963இல். அறுபதுகளில் ‘டவுன் பீட்’ இதழில் மதிப்புரைகளும் எழுதினார். 1972இல், 48 வயதில், சிறுநீரக நோயால் இறந்தார். திரைப்படம் எடுக்க இதில் ஒன்றுமில்லை. அதனால்தானோ என்னவோ, அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘உரிய புகழ் பெறாதவர்’ என்ற ஒற்றை அடைமொழியோடு முடித்துக்கொள்கிறார்கள். அந்த அடைமொழியே இப்போது கேட்பதற்குப் பதிலாகிவிட்டது.

இங்கேதான் என் மனத்தாங்கலின் அடிப்பகுதிக்கு வருகிறேன். ஜாஸ் ரசனையில், குறிப்பாக ட்ரம்பெட் கலைஞர்களைப் பொறுத்தவரை, வாழ்க்கைக் கதை இசையை விழுங்கிவிடுகிறது. செட் பேக்கர் இதற்கு முதல் பலி. அழகிய இளைஞர், வில்லியம் கிளாக்ஸ்டன் எடுத்த புகைப்படங்கள், ஹெராயின், சிறை, 1966இல் அடிபட்டுப் பல் இழந்தது, குழிவிழுந்த கன்னங்களோடு புரூஸ் வெபரின் ஆவணப்படம், 1988 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் விடுதி ஜன்னலிலிருந்து விழுந்து மரணம். இதைச் சொல்லிவிட்டு இசையைப் போட்டால் யார்தான் உருகமாட்டார்கள்? வகுப்பறையிலும் இதே கதைதான். ஒரு கவிஞரின் வறுமையைச் சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அவருடைய யாப்பைச் சொல்லத் தொடங்கினால் கடைசி வரிசை கைப்பேசியை எடுக்கிறது. நானும் சில சமயம் வறுமையிலிருந்தே தொடங்குகிறேன், வேறு வழியில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் கவிஞருக்கு இரங்கல் கூட்டம் நடத்தியவர்களாவோமே தவிர அவரைப் படித்தவர்களாக மாட்டோம்.

செட் பேக்கரைக் கதையிலிருந்து மீட்டுக் கேட்பதற்கு ஓர் இசைத்தட்டு உண்டு. முரண் என்னவென்றால், அதைச் சுற்றியும் ஒரு மரணம் இருக்கிறது. 1955 இலையுதிர்காலத்தில் பேக்கர் தன் நால்வர் குழுவோடு ஐரோப்பா சென்றார். பியானோவில் பாஸ்டன் நகரத்து இளைஞர் டிக் ட்வார்ட்ஸிக், பாஸில் ஜிம்மி பாண்ட், ட்ரம்ஸில் பீட்டர் லிட்மன். அக்டோபரில் பாரிஸில் பார்க்லே நிறுவனத்துக்காக ஒன்பது மெட்டுகளைப் பதிவு செய்தார்கள். அவற்றில் எட்டு, பாப் ஜீஃப் என்ற அதிகம் அறியப்படாத இசையமைப்பாளருடையவை; ஒன்று ட்வார்ட்ஸிக் எழுதிய ‘த கேர்ல் ஃப்ரம் கிரீன்லாந்து’. அதே மாதம் 21ஆம் தேதி பாரிஸில் ஹெராயின் அளவு மீறி ட்வார்ட்ஸிக் இறந்தார். வயது 24.

இந்தச் செய்தியை ஒதுக்கிவைத்துவிட்டு ‘ராண்டெட்’, ‘சேட் வாக்’ ஆகிய இரண்டையும் கேளுங்கள். ஜீஃபின் மெட்டுகள் வழக்கமான முப்பத்திரண்டு அளவைப் பாட்டுகளைப்போல நம்மைக் கைபிடித்து அழைத்துச் செல்வதில்லை. எதிர்பாராத இடத்தில் திரும்புகின்றன. முடிவு என்று நினைத்த இடத்தில் ஒரு வாசலைத் திறந்துவைக்கின்றன. பேக்கர் இசைக்குறிப்பு படிப்பதில் தேர்ந்தவரல்லர், காதால் வாசிப்பவர் என்பது எல்லோரும் சொல்வது. அப்படிப்பட்டவர் இந்தக் கோணலான பாதையில் எவ்வளவு தெளிவாக நடக்கிறார் என்பதே அதிசயம். அவருடைய ட்ரம்பெட்டில் இங்கே ஏக்கம் இல்லை, உருக்கம் இல்லை. புத்தி விழித்திருக்கிறது. ட்வார்ட்ஸிக் இடையிடையே வைக்கும் கார்டுகள் சில நவீன மேலைச் செவ்வியல் இசையிலிருந்து எழுந்து வந்தவை போலிருக்கின்றன. ரஸ் ஃப்ரீமனோடு பேக்கர் அதற்கு முன் செய்த நால்வர் பதிவுகள் இதைவிடப் புகழ்பெற்றவை, இதைவிடக் கேட்க இதமானவையும்கூட. என் வாக்கு பாரிஸுக்கே.

பேக்கர் முதலில் புகழ்பெற்றது 1952இல் ஜெரி மல்லிகனின் பியானோ இல்லாத நால்வர் குழுவில். அதையும், 1959இல் டான் செர்ரி கார்னெட்டோடு நின்ற ஆர்னெட் கோல்மன் நால்வரையும் நான் இங்கே கணக்கில் எடுக்கவில்லை. அவை இரண்டு ஊது வாத்தியங்களின் உரையாடல்கள். வேறு கட்டுரைக்குரியவை.

மைல்ஸ் டேவிஸுக்கு நால்வர் குழுப் பதிவுகள் உண்டு. 1954 மார்ச் 6 அன்று ப்ளூ நோட் நிறுவனத்துக்காக ஹொரேஸ் சில்வர், பெர்சி ஹீத், ஆர்ட் ப்ளேக்கி ஆகியோரோடு செய்தவை நல்லவை. 1955 ஜூன் மாதம் பதிவான ‘த ம்யூஸிங்ஸ் ஆஃப் மைல்ஸ்’ அவருடைய பெரிய குழு உருவாவதற்கு முந்தைய ஒத்திகை போலத் தோன்றும், கேட்கலாம், கட்டாயமில்லை. மைல்ஸின் மிகச் சிறந்த நால்வர் பதிவு ஓர் ஐவர் குழு இசைத்தட்டுக்குள் ஒளிந்திருக்கிறது என்பேன். 1956 அக்டோபரில் பதிவான ‘குக்கிங்’ இசைத்தட்டில் வரும் ‘மை ஃபன்னி வாலன்டைன்’. அந்தப் பாடலில் கோல்ட்ரேன் வாசிக்கவே இல்லை. அறையில் இருக்கிறார், ஒதுங்கி நிற்கிறார். ரெட் கார்லண்டின் பியானோ முன்னுரைக்குப் பின் ஹார்மன் மியூட் பொருத்திய ட்ரம்பெட் மைக்குக்கு வெகு அருகில் மெல்லிய உலோகக் கம்பிபோல நுழைகிறது. மைல்ஸுக்கே தெரிந்திருக்கிறது, சில பாட்டுகளில் இன்னொருவர் பேசக்கூடாது என்று.

இனி புக்கர் லிட்டில். இவரைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும். மெம்ஃபிஸில் 1938 ஏப்ரலில் பிறந்தவர். சிகாகோவில் முறையாக இசை பயின்றார். இருபது வயதில் மேக்ஸ் ரோச்சின் குழுவில் இருந்தார். 1960 ஏப்ரலில் டைம் என்ற சிறு நிறுவனத்துக்காக, தன் பெயரையே தலைப்பாகக் கொண்ட நால்வர் இசைத்தட்டைப் பதிவு செய்தபோது அவருக்கு வயது 22. பாஸில் ஸ்காட் லஃபாரோ, ட்ரம்ஸில் ராய் ஹெய்ன்ஸ். பியானோவை விண்டன் கெல்லியும் டாமி ஃப்ளனகனும் பகிர்ந்துகொண்டார்கள். ஆம், மறுபடியும் ஃப்ளனகன். ஆர்ட் ஃபார்மரின் ‘ஆர்ட்’ என்ற அருமையான நால்வர் இசைத்தட்டு அதே ஆண்டு செப்டம்பரில் பதிவானது. அதிலும் பியானோ அவரே. ட்ரம்பெட் கலைஞர்கள் தனியாக நிற்கத் துணிந்தபோதெல்லாம் அருகில் இவர் வேண்டும் என்று நினைத்தார்கள் போலும். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பல ஆண்டுகள் துணை வாசித்தவர் அவர். பாடகர் மூச்சுவாங்கும் இடம் அவருக்குத் தெரியும்.

லிட்டிலின் இசைத்தட்டில் ஒரு பாட்டைத் தவிர மற்ற ஐந்தும் அவரே இயற்றியவை. ‘மைனர் ஸ்வீட்’ என்ற இரண்டாவது உருப்படியைத் துணையேதுமின்றி ட்ரம்பெட் மட்டும் தொடங்கிவைக்கிறது. பெரிய, வட்டமான, கறைபடாத தொனி. கிளிஃபர்ட் பிரவுனின் பாதிப்பு தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பிரவுனிடம் இருந்த வெயில் இவரிடம் இல்லை. இவர் வாக்கியங்களை முடிக்கும் ஸ்வரங்களைக் கவனிக்கவேண்டும். கார்டுக்குள் பாந்தமாக அமரும் ஸ்வரத்தை விடுத்து, அதற்கு அடுத்துள்ள, சற்றே உறுத்தும் ஸ்வரத்தில் வந்து நிற்பார். அந்த உறுத்தல் நீங்கும்வரை காத்திருக்கமாட்டார். அப்படியே விட்டுவிட்டு மேலே போவார். மகிழ்ச்சியான மெட்டிலும் ஒரு நிழல் விழுவது இதனால்தான். ‘த கிராண்ட் வால்ஸ்’ என்ற மூன்று எண்ணிக்கைத் தாள மெட்டில் லஃபாரோவின் பாஸ் வெறுமனே காலம் காட்டுவதோடு நிற்காமல் ட்ரம்பெட்டுக்கு எதிர்வாதம் செய்துகொண்டே வருவதைக் கேட்கலாம். லஃபாரோ என்றால் பில் எவன்ஸின் மூவர் குழுதான் நம் நினைவுக்கு வரும். அவர் ஓர் ஊது வாத்தியத்துக்குக் கீழே என்ன செய்தார் என்று அறிய இது நல்ல வாய்ப்பு.

லஃபாரோ 1961 ஜூலை 6 அன்று கார் விபத்தில் இறந்தார், வயது 25. லிட்டில் அதே ஆண்டு அக்டோபர் 5 அன்று யுரீமியாவால் இறந்தார், வயது 23. இதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஆனால் இதைச் சொன்னவுடன் அவருடைய நிழலான ஸ்வரங்களுக்கெல்லாம் மரணத்தை உரையாக எழுதிவிடுகிறோம். 22 வயது இளைஞன் ஏப்ரல் மாதத்தில் நியூ யார்க்கில் நின்று ஊதியபோது அடுத்த ஆண்டு அக்டோபரை அவன் ஊதவில்லை. அந்த உறுத்தும் ஸ்வரம் ஓர் இசைத்தேர்வு. கற்று, யோசித்து, திரும்பத் திரும்பப் பழகி அடைந்த தேர்வு. அதை விதியின் முன்னறிவிப்பாக்குவது அவனுடைய உழைப்பை அவனிடமிருந்து பறிப்பதாகும். மரபுக் கவிஞர்கள் அறம்பாடிச் செத்த கதைகளை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதையும் இங்கே யோசித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு கனமான பேச்சுக்கு மாற்றாக இரண்டு உற்சாகமான இசைத்தட்டுகள். லீ மார்கனின் ‘கேண்டி’ (பதிவு 1957 நவம்பர், 1958 பிப்ரவரி). சானி கிளார்க், டக் வாட்கின்ஸ், மறுபடியும் ஆர்ட் டெய்லர். மார்கனுக்கு வயது 19. பையன் தெருவில் விசிலடித்துக்கொண்டு போவது போன்ற வாசிப்பு. ஸ்வரத்தைப் பாதியில் அமுக்கிப் பிழிந்து நம்மைப் பார்த்துக் கண்சிமிட்டுவார். பத்தொன்பது வயதில் இந்தத் தன்னம்பிக்கையை மன்னிக்கலாம், ரசிக்கவும் செய்யலாம். மற்றொன்று ப்ளூ மிச்சலின் ‘ப்ளூஸ் மூட்ஸ்’ (1960). விண்டன் கெல்லி, சாம் ஜோன்ஸ், ராய் ப்ரூக்ஸ். இதன் முதல் பாடலான ‘ஐ’ல் க்ளோஸ் மை ஐஸ்’ இன்று இணையத்தின் தயவால் தேநீர்க் கடைகளிலும் நூலக மேசைகளிலும் படிப்புக்குப் பின்னணியாக ஒலிக்கிறது. ஒலிக்கட்டும். ஆனால் ஒரே ஒருமுறை வேறு வேலை எதுவும் செய்யாமல் அதைக் கேட்டால், மிச்சலின் ஒவ்வொரு சொற்றொடருக்கும் கெல்லி எப்படிச் சிரித்துக்கொண்டே பதில் தருகிறார் என்பது தெரியும். பின்னணி என்று யாரோ வகைப்படுத்தி வைத்ததற்குள் இவ்வளவு சம்பாஷணை நடந்துகொண்டிருக்கிறது.

ட்ரம்பெட்டின் பருத்த தங்கையான ஃப்ளூகல்ஹார்னையும் சேர்த்துக்கொள்ள அனுமதித்தால் இரண்டு பெயர்கள். கிளார்க் டெரியின் ‘இன் ஆர்பிட்’ (1958). இதில் பியானோ வாசிப்பவர் தெலோனியஸ் மங்க். மங்க் பிறருடைய குழுவில் பின்வரிசையில் அமர்ந்தது மிக அரிது. தன் மெட்டு ஒன்றை மட்டும் கொண்டுவந்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் டெரியின் நகைச்சுவைக்கு ஈடாகத் தன் நகைச்சுவையைச் செய்துகொண்டிருக்கிறார். அடுத்து ஆர்ட் ஃபார்மர் 1963இல் ஜிம் ஹாலோடு செய்த ‘இன்டர்ஆக்ஷன்’. பியானோவுக்குப் பதில் கிட்டார். மழை விட்டபின் தெரியும் தெருபோன்ற ஒலி. அதிகம் பேசினால் கெட்டுவிடும்.

கடைசியாக ஐரோப்பாவுக்கு வரவேண்டும். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு இது நெருக்கமாகவும் இருக்கும். போலந்தின் தோமாஷ் ஸ்தான்கோ (1942–2018) ட்ரம்பெட் நால்வர் குழு என்ற வடிவத்தைத் தன் முதுமையில் வீடாக்கிக்கொண்டவர். மற்றவர்கள் ஓரிருமுறை விருந்தாளியாக வந்துபோன இடத்தில் இவர் குடியிருந்தார். மார்ச்சின் வாஷிலெவ்ஸ்கி, ஸ்வாவோமிர் குர்கியெவிச், மிஹாவ் மிஸ்கியெவிச் என்ற மூன்று இளைஞர்களை அவர்கள் பதின்ம வயதைத் தாண்டும் காலத்தில் சேர்த்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் உடன் வாசித்தபின், ‘சோல் ஆஃப் திங்ஸ்’ (2002) வந்தது. பதின்மூன்று உருப்படிகள், எதற்கும் பெயரில்லை, ரோமன் எண்கள் மட்டும். மனதுக்குள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வேறு வேறு வாசல்களிலிருந்து நுழைந்து பார்ப்பது போன்ற அமைப்பு. ஸ்தான்கோவின் தொனி அழுக்கானது, வேண்டுமென்றே. ஸ்வரத்தின் தொடக்கத்தில் காற்றும் முடிவில் கீறலும் இருக்கும். பிரவுன், லிட்டில் வழியில் வந்த தூய தொனியைக் கேட்டுப் பழகியவருக்கு முதலில் இது குறையாகவே படும்.

அவருடைய ‘விஸ்லாவா’ (2013) கவிஞர் விஸ்லாவா ஸிம்போர்ஸ்காவுக்குக் காணிக்கை. நோபல் பரிசு பெற்ற (1996) ஸிம்போர்ஸ்காவைத் தமிழில் மொழிபெயர்ப்புகள் வழியே பலர் படித்திருப்பார்கள். 2009இல் அவருடைய ‘இங்கே’ தொகுப்பு வெளிவந்தபோது கிராகோவ் நகரில் அவர் கவிதை வாசிக்க, ஸ்தான்கோ ட்ரம்பெட் வாசித்தார். 2012 பிப்ரவரியில் கவிஞர் இறந்தார். அதே ஆண்டு ஜூனில் நியூ யார்க்கில், அங்கேயுள்ள டேவிட் விரெய்யெஸ், தாமஸ் மார்கன், ஜெரால்ட் க்ளீவர் என்ற இளைய கலைஞர்களோடு ஸ்தான்கோ இந்த இரட்டை இசைத்தட்டைப் பதிவு செய்தார். ‘மிக்ரோகோஸ்மோஸ்’, ‘மெட்டாஃபிஸிகா’, ‘துத்தாய்’ ஆகிய உருப்படிகளின் பெயர்கள் அவருடைய கவிதைகளின் பெயர்களே. கவிதையின் சொற்கள் எங்கும் வரவில்லை. கவிதையை இசையாக ‘மொழிபெயர்க்கும்’ முயற்சியும் இல்லை. பெரிய விஷயத்தைச் சிறிய குரலில், ஓர் எள்ளலோடு சொல்லிவிட்டு நகரும் ஸிம்போர்ஸ்காவின் மனோபாவம் மட்டும் இருக்கிறது. கவிதைக்கு இசையமைப்பது என்ற பெயரில் நடக்கும் காரியங்களைக் கேட்டுக் களைத்த காதுகளுக்கு இந்த அடக்கம் பெரிய ஆறுதல்.

இன்றைய கலைஞர்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். ஓக்லண்டில் 1982இல் பிறந்த ஆம்ப்ரோஸ் அகின்முசிரி. அவருடைய நால்வர் குழுவில் சாம் ஹாரிஸ், ஜஸ்டின் பிரவுன் ஆகியோரோடு பாஸ் வாசிப்பவர் சிறுவயதில் மிருதங்கம் பயின்ற ஹரிஷ் ராகவன். இந்த நால்வரும் 2020 ஜூன் மாதம் வெளியிட்ட இசைத்தட்டின் தலைப்பு நீளமானது. தோல் காய்ப்பேறிய ஒவ்வொரு கணத்திலும் மிஞ்சியிருக்கும் மெல்லிய இடத்தைப் பற்றியது என்று தோராயமாகப் பொருள் கொள்ளலாம். அகின்முசிரியின் ட்ரம்பெட் முனகும், விம்மும், சில இடங்களில் வெறும் மூச்சாகச் சிதறும். அடுத்த கணமே கூரிய சுத்தமான ஸ்வரத்துக்குத் தாவும். டோர்ஹாம் செய்யாததையெல்லாம் செய்கிறார். ஆனால் எங்கே நிறுத்துவது என்பதில் அவருடைய வாரிசுதான்.

2011இலும் 2014இலும் வந்த தம் இசைத்தட்டுகளில், கொல்லப்பட்ட கறுப்பின மனிதர்களின் பெயர்களைக் குரல்கள் சொல்லும்படி அகின்முசிரி அமைத்திருந்தார். 2020 இசைத்தட்டின் கடைசி உருப்படியின் தலைப்பு, பெயர்களை உரக்கப் படிக்கும்படி நம்மைக் கேட்கிறது. இம்முறை பெயர்களைச் சொல்லக் குரல்கள் இல்லை. ட்ரம்பெட்டும் இல்லை, பாஸும் ட்ரம்ஸும் இல்லை. அகின்முசிரி மின்பியானோவின் முன் அமர்ந்து, இடைவெளி விட்டு இடைவெளி விட்டுக் கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு போகிறார்.